ஆறு கத்தரிக்கோல்

சனி காலை பத்து மணிக்குக் கிண்ணியாவிலிருந்து
வீடு பார்க்க வருகிறார்கள்.
"ஆள் இருந்த அடையாளம் தெரியக் கூடாது அக்கா,
வாங்கிறவைக்குத் தங்கட சாமான்தான் கண்ணில வரோணும்"
என்று சொல்லிவிட்டுப் போனார் புரோக்கர் நிக்சன்.
அது செவ்வாய்.
இன்று வெள்ளி.

சும்மா இருக்கவில்லை நான்.
குசினி லாச்சியில்தான் தொடங்கினேன்.
உள்ளே இரண்டு பற்றறி.
பற்றறியைக் கண்டதும் நின்றுபோன சுவர்க்கடிகாரம்,
கடிகாரத்தைக் கழற்ற ஸ்டூல்,
ஸ்டூலின் கால் ஆட ஆணி,
ஆணி தேடிக் கராஜுக்குப் போனால்
தண்ணீர் மோட்டரின் கையேடு, நான்கு மொழியில்.
யப்பான் எழுத்தில் 'ஆபத்து' எப்படியிருக்கும் என்று
நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்,
லுஹர் பாங்கு கேட்கும்வரை.

லாச்சி இன்னும் திறந்தே கிடந்தது,
நாக்கை நீட்டிக்கொண்டு.

மூன்று பெட்டி வை என்றாள் ஒஸ்லோவிலிருந்து தங்கை வினோதினி.
வைப்பது, கொடுப்பது, எறிவது.
தாளில் பெரிதாக எழுதி ஒட்டினேன்.
நான்காவது பெட்டி தானாக வந்தது:
'பிறகு பார்ப்பம்.'
அதுதான் முதலில் நிரம்பியது.

மற்ற மூன்றையும் கேற்றடியில் வைத்துவிட்டுத்
தேத்தண்ணி போடப் போனேன்.
தேத்தண்ணி போட்டதாக நினைவில்லை.
திரும்பி வந்தால் டைக் வீதி முழுக்க
கோட்டைப் பக்கத்து மான்கள்.
ஒரு கொம்பன் 'கொடுப்பது' என்ற தாளை
'கொ'வில் தொடங்கி
நிதானமாக மென்றுகொண்டிருந்தது.
எதையும் பாதியில் விடாத பிராணி.
கலைக்க மனம் வரவில்லை.

நாற்பத்தொரு வயதில்
கொழும்பில் ஒரு டொக்டர் இதற்குப் பெயர் சொன்னார்.
நான்கு ஆங்கில எழுத்து.
பெயரை எழுதித் தந்த துண்டைப்
பத்திரமாக எங்கோ வைத்தேன்.
அதையும்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

துண்டுக்குப் பதில் கத்தரிக்கோல்கள் வந்தன.
மெத்தைக்கடியில், அரிசி வாளிக்குப் பின்னால்,
பழைய கைப்பையில், ஃபிரிஜ்ஜின் மேல்.
ஆறு.
ஒன்று தொலைய ஒன்று வாங்கியிருக்கிறேன்.
நான் வைக்காத கணக்கை
வீடு பிசகாமல் வைத்திருக்கிறது.

நிக்சனுக்கு எப்படிச் சொல்வது?
அலுமாரிக் கதவு மூடினால்
உள்ளே போனது எனக்குச் செத்துப்போனது.
அதனால்தான் மருந்து மேசையில்,
கறன்ற் பில் கண்ணாடியில்,
திறப்பு வாசல் நடுவில்.
நீங்கள் குப்பை என்பது
வெளியே விரித்துப்போட்ட என் ஞாபகம் தம்பி.

நாலரைக்கு முன்வீட்டு ஜெசீமா வந்தாள்.
"என்ன செய்யோணும்?"
"ஒண்டும் செய்யாத. இரு."
இருந்தாள்.
கதிரையில் கால் தூக்கிவைத்து
ஒரு சுளகு வெங்காயம் உரித்தாள்,
மச்சாளோடு ஃபோனில் சண்டை பிடித்தாள்,
என் பக்கம் திரும்பவேயில்லை.
ஏனென்று தெரியாது,
இன்னொருவர் மூச்சு விடும் அறையில்
என் கை ஒரு வேலையை முடிக்கிறது.
பிறகு அடுத்ததை.
பதினொன்றுக்கு ஹோலில் நடந்தால்
எதிரொலித்தது.
ஜெசீமா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மிச்சம் அந்த நான்காம் பெட்டி.
தூக்கிக் குசினி லாச்சிக்குள் கவிழ்த்து
முழங்காலால் தள்ளி மூடினேன்.

சனி. பத்தே கால்.
தகப்பன் சுவரைத் தட்டிப் பார்த்தார்,
தாய் குழாயைத் திறந்து பார்த்தார்.
"சஹ்லா, வாங்க" என்றார்.
"சஹ்லா."
"சஹ்லா!"
குசினித் தரையில் ஒரு சிறுமி,
சுற்றிவர லாச்சியின் வயிறு முழுக்க,
மடியில் மோட்டர் கையேடு.
யப்பான் எழுத்தின் மேல்
விரலால் மெல்லக் கோடிழுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து லட்சம் குறைக்க முடியுமா என்று
தகப்பன் என்னைக் கேட்டது
இரண்டாவது தரமாக இருக்கவேண்டும்.