ஒழுகாத இடம்

அண்ணனைக் குளவி கொட்டிய இருபத்தியோராம் நாள்
டிரங்குப் பெட்டியை மூன்றாவது தடவை கவிழ்த்தோம்.
கல்யாணப் போட்டோவின் முதுகட்டையைப் பிரித்தோம்.
அரிசி டின்னுக்குள் முழங்கை வரை விட்டு
அண்ணி துழாவினாள்.
அகப்பட்டது ஒரேயொரு பற்றுச்சீட்டு,
வெற்றிலைக் கறையில் நம்பர் கரைந்தது.
கீழே ஏஜென்டின் கையெழுத்து.
அந்த ஆள் இத்தாலிக்குப் போய் ஆறு வருஷமாம்.

ஹட்டனில் செருப்புக்கடைக்கு மேலே ஆபீஸ்.
நம்பர் தெரியாட்டி பேரைச் சொல்லுங்க என்றாள்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பிள்ளை.
தவசிலிங்கம்.
இல்லை.
அடையாள அட்டையில் தவிசிலிங்கன்.
இல்லை.
பிறப்புப் பத்திரத்தில் தாவசிலிங்கம்,
சேமலாப நிதிக் கடிதத்தில் அப்பா பேரே அவன் பேராகி
வெறும் முனியாண்டி.
எங்கள் பேர்களை எழுதியவர்கள் எல்லாரும்
தகரக் கூரையின் கீழே
அடைமழையில் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.
நான்காவதில் அவள் விரல் நின்றது.
இருக்கு.

எவ்வளவு? யார் பேருக்கு?
"ஒரிஜினல் இல்லாம சொல்ல ஏலாது அக்கா.
தொலைஞ்சா சமாதான நீதவான்கிட்ட
தொலைஞ்சதுன்னு சத்தியக் கடதாசி எடுத்து வாங்க."

பஸ் டிக்கோயா தாண்டும்வரை அண்ணி பேசவில்லை.
பிறகு கேட்டாள்,
பொய்ச் சத்தியம் பண்ணினா பிடிப்பாங்களா?
தொலைந்ததைத் தொலைந்தது என்பது எப்படிப் பொய்யாகும் என்றேன்.
டிக்கெட்டை மடித்து மடித்துப் பட்டாணி அளவாக்கினாள்.

அன்றிரவு மழை.
ஏழாம் நம்பர் லயத்தில் எங்கள் காம்பரா
ஐந்து இடத்தில் ஒழுகும்.
எந்தச் சட்டி எங்கே என்று சின்னவனுக்கு மனப்பாடம்.
நான்கை வைத்தான்.
ஐந்தாவதோடு கட்டிலருகே போனவன்
"இங்க இப்ப ஒழுகுறதில்ல அத்தை" என்றான்.
நான் அண்ணாந்து பார்த்தேன்.
அண்ணி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிரை போட்டு ஏறினேன்.
போன் வெளிச்சத்தில், தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவே
பிளாஸ்டிக் ஒட்டிய தாள். ஒற்றை ஆணி.
பிறப்புப் பத்திரத்தைக்கூட மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறவன்
இதை மட்டும் லெமினேட் செய்திருக்கிறான்.
இங்கிலீஷை எழுத்துக் கூட்டினேன்.
பின்னுரித்தாளி: முனியாண்டி சுகிர்தமலர்.
உறவு: தங்கை.
அது நான்.
தேதி, அவன் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது.

ஆணி போன ஓட்டை வழியே
மழை என் கழுத்துக்குள் இறங்கியது.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
எவ்வளவு நேரம் நின்றேனோ,
அரைச் சட்டி நிறையும் நேரம் இருக்கும்.

கீழேயிருந்து அண்ணி சொன்னாள்,
"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.
என் பேரு அதுல எங்கயும் இல்லைங்கறது மட்டும் தெரியும்.
மாத்துறேன் மாத்துறேன்னுதான் இருந்தாரு."
கொஞ்சம் பொறுத்து,
"அவரக் கொண்டுவந்த ராத்திரி சொருகினேன்.
கிழிக்க மனசு வரல.
நீங்க தேடுறப்ப நானும் தேடினேன்தானே."

கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.
தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், தொடவில்லை.
ஆறிய பிறகு குடித்தேன்.
ஐந்தாவது சட்டியைச் சின்னவன் கட்டிலருகே வைத்தான்.

திங்கட்கிழமை, அதே கண்ணாடி, அதே பிள்ளை.
தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
"இது என்ன ஓட்டை?"
"மழைக்கு" என்றோம் இருவரும்,
ஒரே நேரத்தில்.
அவள் சிரிக்கவில்லை. படிவம் தந்தாள்.
காசு வர நாற்பத்தைந்து நாளாகும்,
தவணை பிந்திய மாதங்களைக் கழிப்பார்கள்.
என் இடத்தில் கையெழுத்திட்டேன்.
சாட்சி என்று இன்னொரு கட்டம் இருந்தது.
பேனாவை அண்ணியிடம் நீட்டினேன்.
வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.
அவள் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாய்,
மங்களேஸ்வரி என்று எழுதினாள்.
கட்டம் போதவில்லை.
கடைசி இரண்டு எழுத்தும் வெளியே நின்றன.