என்ன வார்த்தை போடட்டும்

கோத்தகிரி தாலுகா ஆபீஸ் சுவரில்
வெள்ளைக்காரன் காலத்துத் தகரம் ஒன்று,
நியூசென்ஸ் செய்யாதே என்கிறது, இங்கிலீஷில்.
மூத்திரம் என்று எழுத
அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

அதன் கீழேதான் என் மேசை.
மடக்கு நாற்காலி, மழைக்கு ஒரு தார்ப்பாய்,
மதியம் வரை தாங்கும் லேப்டாப்.
ஒரு மனு எழுபது ரூபாய்.
பச்சைத் தேயிலைக்கு விலை கேட்கும் மனு ஐம்பதுதான்:
அது எப்போதும் தயாராக இருக்கிறது,
தேதியை மாற்றினால் போதும்.

மற்றவர்கள் எல்லோரும்
அந்த ஒரு வார்த்தையோடு வருகிறார்கள்.
"ஒரே நியூசென்ஸ்மா."
சொல்லிவிட்டு, எல்லாம் சொல்லியாயிற்று என்பதுபோல்
ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டுக்கொள்கிறார்கள்.
மனு தமிழில் இருக்க வேண்டும்.
மீதியை நான் தேட வேண்டும்.

கட்டபெட்டு ஹாலனுக்கு,
கேரட் பாத்தியில் படுத்து
விடிந்ததும் எழுந்து போகிற காட்டெருமைக்காக,
இடையூறு என்று அடித்தேன்.
வாசித்துக் காட்டியதும் சிரித்தார்.
"அதுக்கு நாமதான் இடையூறு.
இருக்கட்டும், போடு, நஷ்டஈடு வரும்."

சுபேதார் குரியனுக்குத் தொந்தரவு போதவில்லை.
பக்கத்து ஹோம்ஸ்டேயில் சனிக்கிழமை ராத்திரி
ஸ்பீக்கர் போடும் சத்தத்தில்
அவர் வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள்
ஒன்றோடொன்று பேசுகின்றனவாம்.
உபத்திரவம் என்றேன்.
"அது வேதாகமத்துல வர்றது," என்று
திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

வட்டிக்காரன் ஒருவன்.
திட்டுவதில்லை, கத்துவதில்லை.
தினமும் வாசற்படியில் வந்து உட்கார்ந்து
குடிக்கத் தண்ணீர் கேட்கிறான்.
அதற்கு என்னிடம் இன்றுவரை சொல் இல்லை.

வக்கீல் ஜெபக்கனி
வர்க்கியை டீயில் முக்கியபடி சொன்னார்:
லத்தீனில் அதன் வேரைத் தோண்டினால்
தீங்கு, காயம் என்றுதான் வருமாம்.
நூற்றாண்டு நூற்றாண்டாக இளைத்து இளைத்து
இப்போது கொசு அளவுக்கு வந்துவிட்டதாம்.
வர்க்கி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது.
"பாருங்க, இதுவும் நியூசென்ஸ்தான்."

பதினொரு மணியாகியும்
எதிர்க்கடைப் போர்டு தெரியாத மூடுபனி அன்று.
டேன்டீ லைனிலிருந்து யோகமலர் வந்தாள்.
கண் வரைக்கும் மப்ளர்.
"வீட்டுக்காரர் கொஞ்சம் நியூசென்ஸ் பண்றாருங்க."

கொஞ்சம்.

தொந்தரவு என்று அடித்தேன். அழித்தேன்.
தொல்லை. அழித்தேன்.
இம்சை என்று அடித்தபோது
அது காதலர்கள் செல்லமாகச் சொல்லும் சொல்லாக
எப்போதோ மாறிவிட்டது நினைவுக்கு வந்தது.

"அடிக்கிறாரா?"
கீபோர்டைப் பார்த்துத்தான் கேட்டேன்.
அவள் மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.
"நீங்க நியூசென்ஸ்னே போடுங்கக்கா."

போட்டேன்.
ஐந்தே எழுத்து.
அதற்குள் ஒரு வீடும், உள்தாழ்ப்பாளும்,
கையில் அகப்பட்ட ஏதோ ஒன்றும் இருந்தன.
கீழே, விவரம் என்று தலைப்பிட்டு
இரண்டு அங்குலம் இடம் விட்டேன்.
"அது எதுக்கு?"
"அப்புறமா வேணும்னா."

பிரிண்ட் சூடாக இருந்தது.
கன்னத்தில் வைத்துக்கொள்ளப் போனவள்போல்
அருகே கொண்டுபோனாள்,
பிறகு நான்காக மடித்தாள்.
எழுபதுக்கு ஏழு பத்து ரூபாய்த் தாள்கள்.
ஆபீஸ் படியில் ஒரு காலை வைத்தாள்,
எடுத்தாள்,
பஸ் நிற்கிற பக்கம் பனிக்குள் போனாள்.

கோப்பு இன்னும் திறந்தே இருந்தது.
அந்த இரண்டு அங்குலத்தில்
ஜெபக்கனி தோண்டியெடுத்த சொல்லை
அடித்துப் பார்த்தேன்.
பேட்டரி நாலு சதவீதம்.
சேமிக்கவா, வேண்டாமா என்று கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம், தகரத்துக்கு நேர் பின்னால்,
யாரோ நிதானமாக
ஒண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.