நடந்து காட்டு

வியாழக்கிழமைகளில் ஐந்தரைக்கு எழும்புவேன்.
வெறும் வயிறு, ஒரு கோப்பை குழாய்த் தண்ணீர், ஒரு குளிசை.
பிறகு அரை மணித்தியாலம்
படுக்கக் கூடாது, குனியக் கூடாது, தேத்தண்ணி கூடாது.
பேர்ன் நகரத்தின் முதல் ட்ராம்
சன்னலுக்குக் கீழே திரும்புவதைப் பார்த்தபடி
நிற்க வைத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி
சுவரோடு நிற்பேன்.
ஏழு வருடம்.

எலும்பு தேய உழைத்தாள் என்று
ஒரு பேச்சுக்குத்தான் சொல்வோம்.
இங்கே அதை அளந்து எண்ணாகவே தந்தார்கள்:
சைபருக்குக் கீழே இரண்டு தசம் ஒன்பது.

வேலை, குதிரைகளின் எக்ஸ்ரே அறையில்.
தேய்ந்த முள்ளந்தண்டில் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு
ஐந்நூறு கிலோ மிருகத்தின் முன்னங்காலுக்குப் பக்கத்தில்
தகட்டை நீட்டிப் பிடிப்பேன்.
அது மூச்சு விடும்.
நான் விடாமல் நிற்பேன்.

மாசியில் ஹாஸ்கா வந்தாள்.
யூரா மலைப் பக்கத்துக் குதிரை, பதினாறு வயது,
நெற்றியில் பால் சிந்திய மாதிரி ஒரு வெள்ளை.
குளம்புக்குள்ளே ஓடம் போன்ற சின்ன எலும்பில்
செல்லரித்த ஓட்டைகள்.
டொக்டர் ஸ்பின்டென் சேலைன் பையில் மருந்தைக் கலந்தார்.
லேபலை வாசித்தேன்.
என் குளிசையின் பெயர் முடிகிற எழுத்துகளிலேயே
அதுவும் முடிந்தது.
ஹாஸ்காவைப் பார்த்தேன்.
நீயுமா, பிள்ளை?

எலும்புக்குள் ஓயாத கட்டட வேலை:
பழையதை இடிக்க ஒரு கூட்டம்,
புதிதாய்ப் பூச ஒரு கூட்டம்.
இந்த மருந்து இடிப்பவர்களைத் தூங்க வைக்கும்.
வீடு நிற்கும்.
விரிசலும் நிற்கும்.

அன்றைக்கே தொலைபேசியில் ஒருவர்.
இரண்டு வயதுப் பந்தயக் குட்டி, காலைத் தூக்கி வைக்கிறதாம்,
ஆவணியில் விற்பனையாம், அதே மருந்து ஏற்ற முடியுமா?
"வளருகிற எலும்பு இடிந்துதான் வளரும்," என்றார் டொக்டர்.
"நொண்டுவது குட்டி தருகிற வாக்குமூலம்.
விற்று முடியும் வரை அதன் வாயைக் கட்டச் சொல்கிறீர்கள்."
வைத்துவிட்டு
ஒரு கெட்ட வார்த்தையைப் பேர்ன் ஜெர்மனில், மிக மெதுவாக.

மருந்து ஏறினதும் ஹாஸ்காவுக்கு வயிறு முறுக்கியது.
நிலத்தைப் பிராண்டினாள், விலாவைத் திரும்பிப் பார்த்தாள்.
நடத்தினால் தணியும்.
முற்றத்தைச் சுற்றிச் சுற்றி இருபது நிமிடம்
கயிற்றைப் பிடித்து நடத்தினேன்.
டொக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்,
அவளைத்தான் என்று நினைத்தேன்.

"கட்டிவிட்டு வா, கௌசிகா.
இப்போது நீ நடந்து காட்டு."

தார்த் தரை. கொட்டில் கதவு வரைக்கும் போய், திரும்பி.
கையைக் கட்டிக்கொண்டு
இடுப்பை மட்டும் பார்த்தார்.
முகத்தைப் பார்க்கவேயில்லை.
"வலது. எத்தனை நாள்?"

தொடைக்குள் மந்தமாய் ஒரு நோவு,
பனி தொடங்கினதிலிருந்து.
குளிருக்கு என்று விட்டுவிட்டேன்.
வீட்டில் சொல்லவில்லை.
குடும்ப டொக்டர் கேட்கவில்லை.
குதிரை டொக்டர் கேட்டார்:
என்ன குளிசை, எத்தனை வருடம்.
சொன்னதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நான் மனுசருக்கு வைத்தியம் பார்ப்பவள் இல்லை.
ஆனாலும் இன்றைக்கே போ.
படிக்கட்டில் ஏறாதே."

ஆஸ்பத்திரியில் ஒரு பெடியன்
அசையாதீர்கள் அம்மா என்றான்.
ஆயிரம் கால்களுக்கு நான் சொன்ன சொல்.
திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன்.
தொடையெலும்பின் வெளிச்சுவரில்
குருவி அலகளவு ஒரு மேடு,
அதற்குள் மயிரிழைக் கோடு.
எவரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

திங்கட்கிழமை உள்ளே கம்பி வைத்தார்கள்.
குளிசையை நிறுத்தியாயிற்று.
நிறுத்தினாலும் வருடக்கணக்கில் எலும்பிலேயே குந்தியிருக்குமாம்,
வாடகை தராமல்.
ஹாஸ்கா நேராக நடக்கிறாளாம், மலைச்சரிவில்கூட.
டொக்டர் ஸ்பின்டென் படம் அனுப்பினார்,
நாலு கால்கள் மட்டும்.

இன்றைக்கு வியாழன்.
ஐந்தரைக்கு முழிப்புத் தட்டிவிட்டது.
கட்டிலில் சாய்ந்தபடி இஞ்சித் தேத்தண்ணி.
கீழே ட்ராம் திரும்புகிறது,
சத்தம் மட்டும்.