அச்சு

எழுபதாம் ஆண்டு விழாவுக்கு
நிறுவனத்தின் வரலாறு வேண்டும் என்றார்கள்.
முந்நூறு பக்கம், துணிக் கட்டு, பக்கக் குறிக்கு நீல நாடா.
ஹிராகுரா வண்டியில் ஒருநாளும் ஏறியிராத என்னிடம்
ஆவண அறைச் சாவியைத் தந்தார் செகுச்சி,
கூடவே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை.

முதல் அத்தியாயம் எளிது.
தறி செய்தார்கள்.
பாவும் ஊடையும் தவிர வேறு பேச்சில்லாத
கடலோர ஊரில்
நாடா தானாக ஓடும் தறி.
போர் வந்தது; தறி இரும்பு
குண்டின் உறையாகப் போனது.
போர் முடிந்தது; விமானத்து அலுமினியம்
கஞ்சிப் பானையாகத் திரும்பி வந்தது.
பானை விற்ற காசில் ஒரு சிறு எஞ்சின்,
எஞ்சினுக்கு அடியில் சைக்கிள்,
சைக்கிளுக்கு மூன்றாம் சக்கரம்.
மீன் ஏற்றியது, முள்ளங்கி ஏற்றியது,
ஒருமுறை சீர் பீரோவையும்
அதன்மேல் மணப்பெண்ணையும்.

ஐம்பத்தெட்டில் நான்காம் சக்கரம்.
இதை எழுதுகையில் எனக்கே கை துறுதுறுத்தது:
ஹகோனே ஏற்றத்தில்
ஏழு முறை கொதித்து நின்றது முதல் கார்.
எட்டாம் முறை தண்ணீர் தீர்ந்துவிட,
பிளாஸ்கில் இருந்த பார்லித் தேநீரை
ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டு
நாக்கு வறண்டு கணவாயைத் தாண்டினார்
சோதனை ஓட்டுநர் உசாமி.
ஊர் திரும்பும்வரை வண்டியில் வறுத்த பார்லி வாசம்.
இதற்கு இரண்டு பக்கம் கிடைத்தது, படத்தோடு.

தறியை விட்டு வந்த பெண்கள்
இருக்கை தைத்தார்கள். அவர்களுக்கு அரைப் பத்தி:
விரல் நுட்பத்துக்கு நன்றி.
விரல் போனவர்களின் பட்டியல்
வேறு அலமாரியில் இருந்தது.

பிறகு அந்தப் பெட்டி.
எழுபத்து மூன்று என்ற எண்ணுக்குக் கீழே
"அப்புறம்" என்று மட்டும் பென்சிலில்.
பதினோரு கடிதம், ஒரே கையெழுத்து.
தொத்தோரியிலிருந்து நெசு தொகியே:

*மழை இல்லை. வேகமும் இல்லை.
ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு
சரிவில் தனியே உருண்டு போனது.
நம்முடையது மாதிரியே இருக்கிறதே என்றார் என் கணவர்.
பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பணம் வேண்டாம்.
அந்த அச்சைச் செய்தது யார் என்று மட்டும் எழுதுங்கள்.*

பத்துக் கடிதத்துக்கும் ஒரே பதிலின் கார்பன் நகல்:
தங்கள் மேலான கருத்துக்கு நன்றி.
பதினோராவது கடிதத்தில் கேள்வியே இல்லை.
பனி சீக்கிரம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாள்.
அதற்குப் பதில் போகவில்லை.

மறுவருட வரைபடத்தில்
பின்னச்சு இரண்டு மில்லிமீட்டர் தடித்திருக்கிறது.
"மாற்றத்தின் காரணம்" என்ற கட்டத்தில்
அளவுகோல் வைத்து இழுத்த ஒரு கோடு.

ஒன்பது வரி எழுதினேன்.
செகுச்சி கெட்டவர் இல்லை.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி படித்தார்.
மதியம் விலாங்குச் சோறு வாங்கிக் கொடுத்தார்,
பெரிய பெட்டியில், ஈரல் சூப்போடு.
"விழா மலர்தானே" என்றார் குச்சியைப் பிரித்தபடி.
நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒன்பது வரி இருந்த இடத்தில்
இப்போது ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது.
பின்னால் ஏதோ ஒரு மலை.

பெயரடைவை யாரும் படிப்பதில்லை.
மெய்ப்புப் பார்த்தவர்களும் படிக்கவில்லை.
நகாயாவுக்கும் நொமோத்தோவுக்கும் நடுவே
பொடி எழுத்தில்
நெசு தொகியே, 212.

நூலகங்களுக்கு அனுப்பும் பட்டியலில் தொத்தோரி இல்லை.
எனக்குக் கொடுத்த பிரதியை
தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனேன்.
ஒன்றேகால் கிலோ என்றாள் கவுண்டர் பெண்.
"உள்ளே உடைகிற சாமானா?"
வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.
பதில் சொல்லாமல்
படிவத்தை இழுத்து எழுதிக் கொடுத்தேன்:
அச்சுப் பொருள்.