செம்பு வாஷர்

ராபின்வேல். ஜனவரி. விடியற்காலை மூன்றே முக்கால்.
இன்றைக்கும் நாற்பத்துநாலு டிகிரி என்கிறது வானொலி,
பரிசு விழுந்ததைச் சொல்கிற குரலில்.
முந்நூறு வரிசைத் திராட்சை
நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுக் காணவில்லை.
ஆற்றங்கரையில் பம்பு, பம்புக்கு எஞ்சின்,
எஞ்சினுக்கு நான் நேற்று மாற்றிய டீசல் குழாய்:
புதுசு, கறுப்பு,
இன்னும் கடை வாசம் போகாதது.

சாவியைத் திருப்புகிறேன்.
சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை.
பாட்டரியில் குறையில்லை, குரலிலேயே தெரிகிறது.
புகைபோக்கியைப் பார் என்கிறான் மாஃபி,
வெள்ளைப் புகை வந்தால் உள்ளே எண்ணெய் போகிறது.
புகைபோக்கியின் வாயில் ஒரு சிலந்திவலை
லேசாக ஆடுகிறது.
அவ்வளவுதான்.

வாய்வு, என்றேன் தமிழில்.
என்ன? என்றான். வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.
டோங்காவிலும் அது உண்டாம்.

டீசல் பம்பின் தலைத்திருகை அரைச்சுற்றுத் தளர்த்தி
கைப்பம்பை அமுக்கினேன்.
நுரை, நுரை, சோடாப் புட்டி உடைத்ததுபோல்,
பிறகு குமிழில்லாத ஒரே கோடு.
இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால்
எட்டு விநாடி இருமிற்று, ஓடப்போகிறதுபோலவே.
நின்றது.
மறுபடி திருகு. மறுபடி நுரை.
மறுபடி.
கட்டைவிரலில் கொப்புளம் எழுந்து, உடைந்து,
டீசல் பட்டு எரிந்தது.

ஐந்து மணிக்கு டொமினிக் போன் போட்டார்.
நேற்றுவரை ஓடியதே, என்றார்.
அதற்குமேல் சொல்லமாட்டார், நல்லவர்,
அதுதான் சுடும்.
ஸ்வான் ஹில் கடைக்காரன் மட்டமான குழாயைத் தள்ளிவிட்டான் என்றேன்.
சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன்.

முனையிலிருந்து முனைவரை விரலால் தடவினேன்.
ஈரமே இல்லை. கசியாத குழாய்க்குள்
காற்று எந்த வழியாக வரும்?
மாஃபி மண்ணில் குந்தியிருந்தான்.
உள்ளே இழுக்கிற ஓட்டை வெளியே ஒழுகாது, என்றான்.
டீசலைத் தேடாதே,
காற்றைத் தேடு.

ஃபில்டருக்கு அப்பால்
ஒரு சாண் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகினோம்.
டார்ச் வெளிச்சத்தில் குமிழ்கள் தெரிந்தன,
கல்யாண வீட்டுக்குப் போகிறவைபோல்
ஒன்றன்பின் ஒன்றாய், அவசரமில்லாமல்.
நான் அமுக்க, அவன் ஒவ்வொரு மூட்டாய் கிரீஸ் அப்பினான்.
தொட்டி வால்வில் அப்பினான், குமிழ் போய்க்கொண்டிருந்தது.
முதல் கவ்வியிலும்.
அடுத்ததிலும்.
ஃபில்டர் வாசலில், போல்ட்டின் கழுத்தைச் சுற்றி அப்பியதும்
ஊர்வலம் நின்றுபோனது.

அந்த போல்ட்டை எனக்குத் தெரியும்.
அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, செம்பு வாஷர்.
புதிதாய் இரண்டு வாங்கினேன், ஒன்று நாற்பது சென்ட்.
கீழே போட்டேன். மேலே
பழசே நன்றாக அழுந்தி உட்கார்ந்திருந்தது,
வெயில் முதுகைப் பிளந்தது,
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று
சட்டைப் பைக்குள் விரலை விட்டேன்.
இருந்தது.
மாற்றாத சட்டை, அதே பை,
இரவெல்லாம் என் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்து
உடம்புச் சூடேறிய சின்ன வளையம்.
கடைக்காரனை நான் திட்டியபோதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

மாஃபி அந்த நேரம் பார்த்து எழுந்துபோய்
ஆற்றைப் பார்த்தான்.
பார்க்க ஆற்றில் ஒன்றுமில்லை, இன்னும் இருட்டு.
நான் கழற்றி, துடைத்து, போட்டு, இறுக்கி முடிக்கும்வரை
பார்த்துக்கொண்டே நின்றான்.

சாவி.
வெள்ளைப் புகை. சிலந்திவலை போயிற்று.
ஒரு விக்கல், இன்னொன்று,
பிறகு நாலு சிலிண்டரும் ஒரே பேச்சாய்.
மண்ணடியில் குழாய்கள் முறுக்கிக்கொண்டன,
கடைசி வரிசையில்
ஒரு சொட்டு நேரமெடுத்துத் திரண்டது.

மாஃபி ஏதோ சொன்னான்.
எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை.
என்னவென்று நானும் கேட்கவில்லை.

கடை எட்டு மணிக்குத் திறக்கும்.
டொமினிக் அங்கே போன் போடுகிறவர்,
ஏழு ஐம்பத்தொன்பதுக்கே போடுகிறவர்.
அதற்குள் நான் அவரிடம் போக வேண்டும்.