தா சூல் அகம்

ஒரு தமிழ்க் காதைக் கொண்டுபோய்
அயர்லாந்தின் மேற்குக் கரையில் வைத்தால்
அது சும்மா இருக்காது.
கண்ணுக்கு அங்கே ‘சூல்’ என்று பெயர்.
நம் சூலோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கால்வே மருத்துவமனை, நான்காம் மாடி.
சொட்டு மருந்து எரிய உட்கார்ந்திருக்கிறான் ஃபேஹீன்,
பதினேழு வீட்டுத் தீவில்
படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன்.
இரண்டு கண்ணிலும் புரை, மூன்று குளிர்காலமாக.
டீசல் எது, மழைத்தண்ணீர் எது என்று
மூக்கால் பிரித்துவந்தான்.
போன மாதம் மூக்கும் கைவிட்டது.
இன்றைக்கு இடக்கண்.

பக்கத்து நாற்காலியில் மூரின்,
கண்ணழுத்தம் பார்க்க வந்தவள்.
அகராதி அலுவலகத்தில் மூன்று வருடமாக
ஒரே எழுத்துக்குச் சம்பளம் வாங்குகிறாள்.
“இப்போது உங்கள் கண்ணில்தான் நிற்கிறேன்” என்றாள்.
அவனுக்குப் புரியவில்லை.
“சூல் என்ற சொல்லில்.
அட்டைப்பெட்டி நிறையச் சீட்டு.
பாலத்தின் வளைவு சூல்.
கண்ணி முடிச்சு சூல்.
சதுப்பில் கால் வைத்தால் நடுங்குமே, அந்தக் குழி...”
“தெரியும்,” என்றான், “என் பசு ஒன்று அதில் இருக்கிறது.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பசுவுக்காக இருக்கலாம்.

பிறகு அவள் சொன்னாள்:
வெகுகாலத்துக்கு முன், வெகு கிழக்கே,
இந்த மொழிக்கு இந்தப் பெயர் வருமுன்,
அந்தச் சொல் சூரியனாக இருந்ததாம்.
மற்றவர்கள் அதை வானத்திலேயே விட்டுவைத்தார்கள்.
நம் ஆட்கள் இறக்கி
முகத்தில் வைத்துக்கொண்டார்கள்.
அப்படித்தான் அறிந்தவர்கள் சொல்கிறார்கள்,
சத்தியம் செய்ய ஆளில்லை.

“அப்போது மேலே இருப்பது?”
“கிரியன். சூடு என்ற வேரிலிருந்து.”
“சூடா!”
தாதி திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.
“பெயர் வைத்தவன்
எங்கள் தீவுப் பக்கம் வந்ததே இல்லை.”

காலையில் படகுக்காரன் கேட்டிருந்தான்,
ராத்திரிக்குத் திரும்பிவிடுவாயா என்று.
யோசிக்காமல் சொன்ன பதில் இப்போது
வாயில் கல்லாக உருண்டது.
தா சூல் அகம்.
‘நம்புகிறேன்’ என்று அர்த்தம்.
பிரித்தால், ‘என்னிடம் கண் இருக்கிறது.’
இன்னும் கீழே தோண்டினால்...
அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.
புரை விழுந்த ஒருவன், அதுவும் ஜனவரியில்,
என்னிடம் சூரியன் இருக்கிறது என்று
சொல்லித் திரிந்தால் ஊர் என்ன நினைக்கும்.

தா. சூல். அகம்.
தமிழ்க் காதே, நீ சும்மா இரு.
கொடு என்கிறாய், கரு என்கிறாய், உள்ளே என்கிறாய்.
அவன் அப்படி எதுவும் கேட்கவில்லை.
வழிமேல் விழி வைக்கிற மொழிக்காரிக்கு
அவன் சொன்னது எப்படியும் விளங்கும்.

பெயரைத் தப்பாகக் கூப்பிட்டார்கள். எழுந்து போனான்.
வெளியே வந்தபோது அவள் நாற்காலி காலி.

மறுநாள் காலை, தீவின் இறங்குதுறையில்,
பிளாஸ்டிக் மூடியை அவிழ்த்தான்.
சூரியன் இல்லை. தூறல்.
கட்டிக் கிடந்தது அவன் படகு,
போன வசந்தத்தில்
பச்சை என்று நம்பி அவனே பூசியது.

நீலம்.

வலக்கண்ணால் பார்த்தான், பச்சை.
இடக்கண்ணால் பார்த்தான்,
கடையில் வாளியை எடுத்துக் கொடுத்த பையன்,
துடுப்புப் போட வந்த இரண்டு பேர்,
ஞாயிறுதோறும் இதைத் தாண்டிக் கோயிலுக்குப் போகும்
பதினேழு வீடும் தெரிந்தே வைத்திருந்த
நீலம்.

ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.