மூன்று நிமிடம் முந்தி

மண்டபத்தில், ஐஸ் பிளாண்டின் மாடியில் எங்கள் வானொலி.
கீழே கட்டி உடைக்கும் சத்தம் மைக்கில் ஏறாமலிருக்க
சன்னலில் கோணியும் கிழிந்த வலையும் அடைத்திருக்கிறோம்.
ஆறரைக்குக் காற்று, அலை, நண்டு விலை, கணவாய் விலை.
சனிக்கிழமை மட்டும் ஏழு மணிக்கு
வானம்.

நான் கேட்டு வாங்கியதில்லை.
முன்பு பேசியவள் கட்டிக்கொண்டு தூத்துக்குடி போனாள்.
நான் படித்தது வணிகவியல்.

வேதாளையிலிருந்து ஹஸீனா பர்வீன், நாலாம் வகுப்பு:
"நிலா கடல இழுக்குதுன்னா
எங்க குடத்துத் தண்ணிய ஏன் இழுக்கல?"
இழுக்கிறது, பாப்பா.
குடத்தையும் தரையையும் உன்னையும் சேர்த்தே இழுக்கிறது.
கடல் அகலம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
இழுப்பில் வித்தியாசம் உண்டு. குடத்துக்கு அந்த அகலம் இல்லை.
"பெரிய குடம் வாங்குனா?"
எவ்வளவு பெரிசு?
பின்னால் யாரோ சிரிக்க, வைத்துவிட்டாள்.

சின்னப்பாலம் இருளாயி, பாசி எடுப்பவர்,
கேள்வி கேட்கவில்லை. திருத்தினார்:
"நிலா உச்சிக்கு வந்த ஒடனே தண்ணி ஏறாது, தாயி.
நேரம் பிந்தித்தான் ஏறும்.
ஒம் பேச்ச நம்பித் தீவுக்குப் போனா
முட்டிக் கல்லுல நின்னுக்கிட்டு இருப்போம்."
என் புத்தகத்தில் அது இல்லை.
அட்டையின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் இரைச்சலோடு ஓர் அழைப்பு, வல்லத்திலிருந்து.
"பெர்னதத்து, கிழக்க, தண்ணிய ஒட்டி ஒரு வெளிச்சம்.
வெள்ளியா, நேவி லைட்டா?"
அந்தியில் வெள்ளி கிழக்கே வராது.
வியாழனாக இருக்கலாம். செட்டியைக் கெடுத்த வெள்ளி என்பீர்களே, அது.
பத்து நிமிடம் பாருங்கள்.
மேலே ஏறினால் கிரகம்.
பக்கத்தில் நகர்ந்தால் வலையை அறுத்துவிட்டு வாருங்கள்.
சிக்னல் போயிற்று.
ஒரு பாட்டுப் போட்டேன். இன்னொன்றும் போட்டேன்.
மூன்றாவதன் நடுவில் குரல் வந்தது:
"ஏறுது."

நட்சத்திரத்தில் உப்பு இருக்குமா என்றான் ஒரு பையன்.
உப்பிலுள்ள சோடியம் சூரியனில் இருக்கிறது;
வெளிச்சத்தைப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள், நக்கிப் பார்த்து அல்ல என்றேன்.
வானத்துக்கு அங்கிட்டு என்ன என்றான் அவன் தம்பி.
தெரியாது என்றேன்.
"ஒங்களுக்கா, யாருக்குமேவா?"
யாருக்குமே.
"ஹை" என்றான்.

முடிக்கும் நேரத்தில் தங்கச்சிமடம், அல்போன்சியா.
"யாழ்ப்பாணத்துல நிலா எத்தனை மணிக்கு வரும்?"

யார் அங்கே என்று நான் கேட்கவில்லை.
இந்தக் கரையில் யாரும் அதைக் கேட்பதில்லை.
ஒரு பாகைக்கு நாலு நிமிடம்.
தங்கச்சிமடத்துக்கும் அந்த ஊருக்கும் முக்கால் பாகை.
மூன்று நிமிடம் முந்தி, என்றேன்.

"அப்ப நான் பாக்குறப்ப அவுக பாத்து முடிச்சிருப்பாகளா?"
இல்லை. அவர்களுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அவ்வளவுதான்.
ரெண்டு பேருக்கும் ஒரே நிலாதானே என்று
வாய்வரை வந்தது. விழுங்கினேன்.
அவள் கேட்டது நேரம்.

"சன்னல் எந்தப் பக்கமுன்னு தெரியாது."

வரும் புதன் பௌர்ணமி.
கிழக்குச் சன்னல் என்றால் சாயங்காலம், ஆறு ஏழு.
மேற்கு என்றால் மறுநாள் விடியல், இறங்கும்போது.
"ரெண்டையும் மெதுவா சொல்லுங்க."
பென்சில் காகிதத்தில் உரசுவது கேட்டது.
தெற்கு, வடக்கு என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

"மேகம் போட்டுருந்தா?"

செவ்வாய்க்கிழமை
ஆறரைச் செய்தியைக் கேள், என்றேன்.
நண்டு விலைக்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.